லேப்டாப் செத்தாலும் ஃபைல் சாகாது... ஆனால், ‘கீ’ உங்களிடம் இருக்கிறதா?

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டியது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, சான்றிதழ்களைப் பறிகொடுத்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம் நடத்தி நகல் கொடுத்தது. நனைந்த லேப்டாப்பில் இருந்த கல்யாண போட்டோவுக்கும், பாதி எழுதிய ஆய்வேட்டுக்கும் நகல் கொடுக்க எந்த முகாமும் இல்லை.

இப்போது வெள்ளம் வரத் தேவையில்லை. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. மயிலாப்பூர் வீட்டுப் பரணிலோ, தி.நகர் ஷோரூம் எக்ஸ்சேஞ்ச் கவுன்ட்டரிலோ பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடுவதற்கு இது ஒரு சாக்கு. ‘ஆன் ஆகலையே, உள்ள இருக்கிறதும் போச்சு’ என்று நினைப்பதுதான் இதில் முதல் தப்பு.

செத்தது எது?

ஃபைல்கள் இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலோ எஸ்எஸ்டியிலோதான். லேப்டாப் ஆன் ஆகாததற்குக் காரணம் சார்ஜராக இருக்கலாம், டிஸ்ப்ளேயாக இருக்கலாம், மதர்போர்டாக இருக்கலாம். அதனால் முதலில் வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். லைட் எரிந்து, ஸ்க்ரீன் மட்டும் இருட்டாக இருந்தால் ஹெச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணையுங்கள். டிவியில் படம் வந்தால் போனது டிஸ்ப்ளே மட்டும்தான்.

அதுவும் இல்லையா? டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருப்பது 2.5 இன்ச் சாட்டா டிஸ்க். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதற்கான யுஎஸ்பி கேஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். எம்.2 எஸ்எஸ்டி என்றால் அது சாட்டாவா, என்விஎம்இ-யா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டுக்கும் கேஸ் வேறு. மாட்டியதும் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால் மட்டும் கண்டிப்பாக ‘வேண்டாம்’ கொடுங்கள்.

டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தாலோ, தண்ணீரில் மூழ்கியிருந்தாலோ கதை வேறு. திரும்பத் திரும்ப ஆன் செய்வதும், ஹேர் டிரையர் காட்டுவதும், அரிசி டப்பாவுக்குள் வைப்பதும் இருக்கிற வாய்ப்பையும் கெடுக்கும். நனைந்த ஹார்ட் டிஸ்க்கைக் காயவிடாமல் கவரில் போட்டு மூடி, டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுப்பதுதான் சரி.

ரிப்பேர் வேறு, மீட்பு வேறு

கடையில் ‘இதைச் சரி பண்ணிக் கொடுங்க’ என்று சொன்னால், அவர் லேப்டாப்பைச் சரி செய்வார். அதற்குச் சுலபமான வழி டிஸ்க்கை ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போடுவது. லேப்டாப் பிழைக்கும், ஃபைல் போய்விடும். இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாம் கேட்டதை அவர் செய்தார். ‘முதலில் டேட்டா, அப்புறம் ரிப்பேர்’ என்று வாயால் சொன்னால் போதாது. ஜாப் ஷீட்டில் எழுதி வாங்க வேண்டும். கடைகளும் ‘டேட்டா வேண்டுமா?’ என்ற கேள்வியைத் தாங்களாகவே கேட்கும் பழக்கத்துக்கு வர வேண்டும்.

புது லேப்டாப்பில்தான் சிக்கல்

விசித்திரம் என்னவென்றால், 10 வருடப் பழைய லேப்டாப்பிலிருந்து ஃபைல் எடுப்பது சுலபம். போன வருடம் வாங்கியதில்தான் கஷ்டம். விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டோடு நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. அதைத் திறக்கும் சாவி மதர்போர்டில் உள்ள பாதுகாப்பு சிப்பின் பொறுப்பில் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். கீ இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. 2020-ல் வந்த எம்1 தொடங்கி, ஆப்பிள் சிப் உள்ள மேக்புக்குகளில் ஸ்டோரேஜ் போர்டோடு சேர்ந்தே இருக்கிறது. போர்டு போனால், பேக்கப் மட்டுமே கதி.

இந்தப் பூட்டு தப்பான விஷயம் இல்லை. லேப்டாப் திருடுபோனால் நம் பான் கார்டு நகலையும் சம்பள ஸ்லிப்பையும் காப்பாற்றுவது இதுதான். தப்பு, பூட்டைப் போட்டுவிட்டு வாங்கியவரிடம் தெளிவாகச் சொல்லாமல் விடுவது. இஎம்ஐ விவரத்தைப் பத்து முறை விளக்கும் ஷோரூம்கள், ‘உங்க ரெகவரி கீ இங்கே இருக்கு’ என்று ஒரு முறை காட்டிவிட்டுப் பெட்டியைக் கொடுத்தால் என்ன? அதைக் கட்டாயமாக்கினால்கூடத் தப்பில்லை.

அதுவரை அந்த வேலை நம்முடையது. லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கு ராத்திரியே, மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்து ரெகவரி கீயைத் தேடி ஒரு பேப்பரில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க் ஒன்றிலும் கிளவுடிலும் போடுங்கள். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றி ஒரு முறை பார்த்துவிடுங்கள். அப்பாவின் குரல் பதிவான வீடியோ அதில் மட்டும்தான் இருக்கிறது என்பது, கொடுத்த பிறகு நினைவுக்கு வந்தால் பிரயோஜனம் இல்லை.