மரத்தைக் கொல்லாத மருந்து

உயிரைக் காக்க மரத்தைக் கொல்வதா என்ற தர்மசங்கடம் அமெரிக்காவுக்கு நேர்ந்தது. பசிபிக் கரைக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த டாக்ஸால், 1992-ல் புற்றுநோய் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. பட்டையை உரித்தால் மரம் மடியும். ஒரு நோயாளிக்கே பல மரங்கள் பலியாக வேண்டியிருந்தது. முதலில் இதே இனத்து வேறு மரங்களின் இலைச்சத்தினின்றும் மருந்து செய்தனர். பின்னர் இவ்வினத்து மரத்தின் உயிரணுக்களையே சர்க்கரையும் சத்துக்களும் கலந்த நீரில், பெருங்கலங்களில் வளர்த்து மருந்தைப் பிரித்தெடுத்தனர். 2004-ல் இம்முறைக்கு அமெரிக்க சர்க்காரின் பரிசும் கிடைத்தது.

இது பிறர் பெருமை பேசும் விஷயமன்று. நம் ஹிமாலயத்திலும் இவ்வினத்து மரம் உண்டு. வரம்பின்றிச் சேகரிக்கப்பட்டமையால், அதன் வெளிநாட்டு வியாபாரம் 1995 முதல் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருந்து வருகிறது. சட்டம் அவசியமே, ஆனால் விலையுள்ள வரையில் கோடரியும் ஓயாது. ஆகவே நமது சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சி ஏட்டளவில் நில்லாது தொழிற்சாலையை எட்டுமாறு சர்க்கார் முதலீடு செய்வது அவசரக் கடமையாகும். செலவு அதிகமென்பதை நாம் மறுக்கவில்லை. மடிந்த காட்டின் விலையையும் அந்தக் கணக்கில் சேர்த்தே எழுதுக என்கிறோம்.