பச்சை உடம்புக்காரியின் சாப்பாடு

மைசூர் மண்டி மொஹல்லாவில் உள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதலே பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைத்தார்கள். பழைய பேறுகாலப் பதிவேடுதானே என்று யாரும் அதை எடைக்குப் போட்டுவிடவில்லை. 1934க்கும் 1954க்கும் இடையில் அங்கே பிறந்தவர்களில் 517 பேரைப் பிற்காலத்தில் தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் 3 சதவீதம். தாயும் எடை குறைந்தவர் என்றால் ஆபத்து இன்னும் கூடியது. 1996இல் லான்செட் இதழ் இதை வெளியிட்டது.

ஆகவே, கர்ப்பிணி என்ன சாப்பிடுகிறாள் என்பது அரசின் கவலையாவது நியாயம்தான்.

அதே மைசூர் மாவட்டத்தின் தி. நரசிப்புராவில்தான், 1975 அக்டோபர் 2 அன்று, கர்நாடகத்தின் முதல் அங்கன்வாடிகள் தொடங்கின. 2017இல் அதே தேதியில் வந்தது ‘மாத்ருபூர்ணா’ திட்டம்: கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் சோறு, சாம்பார், முட்டை, பால், கடலை மிட்டாய். தொடங்கியபோது வைத்த நிபந்தனை, அங்கன்வாடிக்கு வந்துதான் சாப்பிட வேண்டும் என்பது. வீட்டுக்குக் கொடுத்தால் முட்டை மூத்த பிள்ளைக்கும் பால் மாமனாருக்கும் போய்விடும் என்ற கணக்கு. தப்புக் கணக்கும் அல்ல. கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுபவள் யார் என்று எல்லா வீட்டுக்கும் தெரியும்.

ஆனால் பச்சை உடம்புக்காரி வாசற்படி தாண்டுவாளா? பிரசவத்துக்குத் தாய்வீடு, பிறகு வாரக்கணக்கில் உள்ளறை. கன்னடத்தில் ‘பாணந்தன’ என்கிற இந்த வழக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. பத்தியச் சாப்பாட்டில் காய்கறியையும் தண்ணீரையும்கூடக் குறைக்கும் கிழவிகளைக் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு வாழ்நாளில் கிடைக்கும் ஒரே பேறுகால விடுப்பும் இதுதான். வெந்நீர்க் குளியலும் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க அம்மாவின் கையும் கிடைக்கும் நாட்கள் அவை. அந்த நாட்களில் மதிய வெயிலில் கைக்குழந்தையோடு நடந்து வா என்று சொல்லும் திட்டம், சோற்றைச் சமைத்துவிட்டு ஆளை மறந்த திட்டம்.

தமிழ்நாடு மகிழ்ந்துகொள்ள வேண்டாம். இங்கே சத்துமாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். அதை யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் ஆளில்லை.

பிரசவமான முதல் மூன்று மாதமாவது சமைத்த உணவு அவள் இருக்கும் வீட்டுக்கே, அது தாய்வீடானாலும், போக வேண்டும். முடியாததல்ல. 2020 ஊரடங்கில் கர்நாடகத்தில் அங்கன்வாடிப் பொருட்கள் வீடு தேடிப் போயின. சுமந்துபோன ஊழியர்களுக்குக் கிடைப்பதை அரசு இன்றும் சம்பளம் என்று சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறது. அந்த நடைக்குத் தனிக் கூலியையும் திட்டச் செலவில் எழுத வேண்டும்.