வெறும் மணல் என்றொரு பொய்

மன்னார்த் தீவின் மேற்கு முனையிலே தலைமன்னார் அமைந்துள்ளது. அங்கிருந்து தனுஷ்கோடியை நோக்கிக் கடலினுள்ளே தொடராகச் செல்கின்றன மணற்றிட்டுக்கள். அவற்றை இராமர் அணை என்பர் சிலர். ஆதாம் பாலம் என்பர் வேறு சிலர். பெயரின் பொருட்டு வாதிட்டோர் பலர். மணலின் பொருட்டு வாதிட்டோர் மிகச் சிலர். 2005 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்திய அரசு சேது சமுத்திரக் கால்வாய்த் திட்டத்தைத் தொடக்கி, அத்திட்டுக்களை ஊடறுத்துக் கப்பல் விட முனைந்தபோதும் உரத்து ஒலித்தது இராமன் கட்டினானா இல்லையா என்ற வினாவே. அம்மணலை நம்பி வாழும் உயிர்களைப் பற்றிய வினா அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போயிற்று.

'அது வெறும் மணல்தானே' என்பது ஆட்சியாளர் முதல் முதலீட்டாளர் ஈறாகப் பலரும் கொண்டுள்ள எண்ணமாகும். இவ்வெண்ணம் அறியாமையினால் மட்டும் பிறந்ததன்று. ஓரிடத்தை வெறுமையானது என்று முதலிலே கூறிவிட்டால், பின்னர் அதனை எடுத்துக்கொள்வது எளிதாகிவிடும். மன்னார் மணலின் அண்மைக்கால வரலாறு இப்பொய்யின் வரலாறே எனலாம்.

மணல்மேடு என்பது காற்றுக் குவித்த குப்பைமேடன்று. அலை ஒதுக்கும் மணலைக் காற்று உள்நோக்கி வீசுகின்றது. இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் அதனை மறித்துப் பிடித்து வைக்கின்றன. அவற்றின் பின்னாலேதான் பற்றையும் தாழையும் பனையும் வேரூன்றுகின்றன. 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்ற பழமொழியை மேடைதோறும் ஒற்றுமைக்கு உவமையாக எடுத்தாளும் பேச்சாளர்கள், அக்கொடி உண்மையில் எதைத் திரட்டி வைத்திருக்கின்றது என்று சிந்திப்பதில்லை. அது திரட்டி வைத்திருப்பது கரையை. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது, தென்கிழக்கே யாலக் கரையில் மணற்குன்று குலையாதிருந்த இடங்கள் தப்பின. கடற்காட்சியின் பொருட்டுக் குன்று அகற்றப்பட்ட இடத்தினூடாகக் கடல் உட்புகுந்து உயிர்களைக் கொண்டு சென்றது. இதனைவிடத் தெளிவான சான்று எதற்கு?

மணல்மேட்டின் அடியிலே இன்னொரு செல்வமும் உண்டு. தீவிற் பெய்யும் மழைநீர் மணலினூடாக இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் வில்லைபோல மிதந்து நிற்கின்றது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஒரு மீற்றர் உயர்ந்திருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திற்கு நன்னீர் நிற்கும் என்பது புவியியல் மாணவர் அறிந்த கைபன்–ஹேர்ஸ்பேர்க் தத்துவம். இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலே ஒரு மீற்றர் தாழ்ந்தால் கீழே 40 மீற்றர் அளவிற்கு உப்பு மேலெழும். பேராறு எதுவும் ஓடாத தீவிலே கிணற்று நீரின் சுவையைத் தீர்மானிப்பது இம்மணலே.

இனிப் பறவைகளை நோக்குவோம். மத்திய ஆசியாவின் குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் பறவைகளுள் பெருந்தொகையானவை மன்னார் வழியாகவே இலங்கைக்குள் நுழைகின்றன. பூநாரைகள் இறங்கும் வங்காலைச் சேற்று நிலம் 2008 இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலங்களின் வரிசையிலும் இடம்பெற்றது. கடலிலுள்ள திட்டுக்களிலோ ஆலாக்கள் முட்டையிடுகின்றன. அவை கூடு கட்டுவதில்லை. மணலிலே சிறு குழி பறித்து, மணலின் நிறமும் புள்ளியும் கொண்ட முட்டைகளை அதிலே இடுகின்றன. மரமும் நிழலும் அற்ற அத்தரையையே அவை நாடி வருகின்றன. மனிதர் வெறுமை என்று இகழ்வது ஆலாவுக்கு வீடாக அமைகின்றது.

இத்திட்டுக்களையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளடக்கி 2015 ஜூன் மாதத்தில் ஆதாம் பாலம் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதே ஆண்டு மார்ச் மாதத்திலே இன்னொரு நிகழ்வும் இடம்பெற்றது. 1990 இல் போரினால் அறுந்துபோன புகையிரதப் பாதை செப்பனிடப்பட்டு, தலைமன்னார்த் துறைவரை வண்டி மீண்டும் ஓடியது. ஒன்று இயற்கையின் பெயரால் நடந்தது. மற்றையது அபிவிருத்தியின் பெயரால் நடந்தது. இரண்டும் ஒரே மணலின் கதை என்பதை இரு சாராரும் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அப்பாதை எதற்காக இடப்பட்டது? 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. 1915 இல் வெளிச்சவீடும் எழுந்தது. 'போட் மெயில்' என்று இன்றும் முதியோர் ஏக்கத்துடன் நினைவுகூரும் பயணம் அது. ஆனால் பிரித்தானிய ஏகாதிபத்தியம் மணல்மேல் இரும்பை இட்டது முதியோரின் இனிய நினைவுகளுக்காகவன்று. மலைநாட்டுத் தோட்டங்களுக்கு உழைப்பு வேண்டியிருந்தது. அதற்கு முன்னர், கோப்பிக் காலத்திலே, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைவரை நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். பின்னர் அதே மனிதரைக் கப்பலும் வண்டியும் விரைவாக ஏற்றி வந்தன.

வந்தவர்களின் சந்ததியினர் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டனர். 1964 ஒக்டோபரிலே ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் என்று எழுதப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரிற் புயல் தனுஷ்கோடியை அழித்தது. எனினும் இராமேஸ்வரத்திற்குக் கப்பல் ஓடியது. பிறந்த மண்ணை விட்டு, பாட்டனின் மண்ணென்று சொல்லப்பட்ட அறியாத நாட்டுக்குச் சென்ற குடும்பங்கள் கடைசியாக மிதித்த இலங்கை நிலம் தலைமன்னார் மணலே. 1980களில் போர் மூண்டதோடு அக்கப்பலும் நின்றது.

இன்று துறையிலே துருவேறி நிற்கும் இரும்புத் தூண்களை உல்லாசப் பயணிகள் படம்பிடிக்கின்றனர். 'கைத்தொழில் மரபுரிமை' என்று அதற்கு அழகான பெயரும் சூட்டலாம். அங்கு சுமையேற்றியவரையும், ஏற்றப்பட்டவரையும், திருப்பியனுப்பப்பட்டவரையும் பேசாத மரபுரிமை வெறும் பழைய இரும்பேயாகும்.

இத்தகைய மணலின்மீதுதான் இன்று மீண்டும் கண் விழுந்துள்ளது. மன்னார்த் தீவின் மணலில் இல்மனைற்று, சேர்க்கன் முதலிய பாரக் கனியங்கள் உள்ளன. இல்மனைற்றிலிருந்து பெறப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டு, உலகெங்கும் வர்ணப்பூச்சுக்கு வெண்மை ஊட்டுகின்றது. அந்நிய மூலதனம் தீவிலே துளையிட்டு அளவெடுத்து முடித்துவிட்டது. 2025 இல் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். அவர்களுக்குக் கூறப்படும் விடைகள் மூன்று.

முதலாவது, வேலைவாய்ப்பு. புல்மோட்டையிலே 1957 இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கு பிரித்தெடுக்கப்படும் கனியம் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகின்றது. பெறுமதி சேரும் இடம் வேறு நாடு. இன்னும் பின்னோக்கினால், தீவுக்குத் தெற்கேயுள்ள முத்துப்பார்களும் சான்று பகரும். 1906 இல் அவை கம்பனியொன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் முத்தும் இல்லை, கம்பனியும் இல்லை. சிலாபத்துறையின் கரையில் எஞ்சியது சிப்பி ஓடுதான்.

இரண்டாவது, 'கனியத்தைப் பிரித்தபின் மணலைத் திருப்பி இட்டுவிடுவோம்' என்பது. வீட்டை இடித்து, கல்லை அதே வளவிற் கொட்டிவிட்டு, வீடு திரும்பக் கிடைத்ததென்று கூறுவதற்கு இது ஒப்பாகும். அடுக்கும் வேரும் நீர்வில்லையும் குலைந்த மணல் மீண்டும் மேடாக நிற்பதில்லை. கடல்மட்டத்தை அடுத்து நிற்கும் தீவிலே அகழ்வுக் குழியை முதலில் நிரப்புவது உவர்நீராகவே இருக்கும்.

மூன்றாவது, காற்றுமின் தூயது என்பது. காற்றுமின் நாட்டுக்குத் தேவை என்பதை மறுப்பார் இல்லை. ஆனால் 2020 டிசெம்பரிலே தொடக்கப்பட்ட 30 கோபுரங்கள் ஏற்கெனவே தென்கரை நெடுக நிற்கின்றன. நாட்டில் காற்று வீசும் இடங்கள் வேறும் உள. பறவைகள் கடக்கும் இக்குறுகிய வாயிலிலேயே மேலும் மேலும் நாட்டவேண்டும் என்பதற்குத் தூய்மை நியாயமாகாது.

பறவைக் காவலர்மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. வரைபடத்திலே கோடு கீறி, கோட்டுக்குள்ளே பறவை, வெளியே மனிதன் என்று வகுப்பதே அவர்களிற் பலரது வழக்கமாகிவிட்டது. கரைவலைப் பாட்டையும் வாடியையும் அவர்கள் இடையூறாகவே காண்கின்றனர். கோட்டுக்கு வெளியே தீவின் மணல்மேடுகள் அகழப்படுமானால், கோட்டுக்குள்ளே இருக்கும் திட்டுக்கள் மட்டும் எவ்வாறு நிலைக்கும்? காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வர்த்தமானி அறிவித்தல் தெரியாது. துளையிட வந்தவரை முதலிற் கண்டு எதிர்த்தவர்கள் அம்மணலில் வாழும் மீனவரும் சீவல் தொழிலாளரும் அல்லரோ? அவர்களை ஒதுக்கிய பாதுகாப்பு காவலாளியை வெளியேற்றிவிட்டுப் பூட்டிய வீடேயாகும்.

ஆதலால் கோரிக்கை இரண்டன்று, ஒன்றே. தீவின் மணலும் கடலின் திட்டும் ஒரே உடலெனக் கொள்ளப்பட்டு, கனிய அகழ்வு முற்றாகத் தடைசெய்யப்படுதல் வேண்டும். தலைமன்னார்த் துறையும் பழைய பாதையும் தொழிலாளரின் நினைவிடமாக அதே காப்பினுள் அமைதல் வேண்டும். அக்காப்பிலே மன்னார் மக்களுக்கு வாக்கும் பொறுப்பும் இருத்தல் வேண்டும். ஆலா முட்டையிடும் மணலும் அகதியாகத் திரும்பிச் சென்ற தோட்டத் தொழிலாளியின் அடிச்சுவடு பதிந்த மணலும் ஒன்றே. ஒன்றை விற்போர் மற்றையதையும் விற்பர். அடம்பன் கொடி இன்னும் அங்கே கரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. திரளவேண்டியோர் மனிதரே.