உறுமிக்காரர் கீழ்மாடியில் இருந்தார்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2010-இல், நாங்கள் நால்வர் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்தோம். பாட ஒருவர், கித்தார் இருவர், கீபோர்டில் நான். தாளத்துக்கு ஆளில்லை. கலை இரவுக்கோ இன்னும் மூன்றே மாதங்கள்! இசைக்கலைஞர்களுக்கென்றே இருந்த ஓர் அகப்பக்கத்தில் பதிந்துகொண்டு, ‘டிரம்ஸ் வாசிப்பவர் தேவை, கிள்ளான் பள்ளத்தாக்கு’ என்று ஒரே வரி எழுதிப் போட்டேன்.

மூன்று பதில்கள் வந்தன. ஒருவர் எடுத்த எடுப்பிலேயே எத்தனை வெள்ளி தருவீர்கள் என்று கேட்டார். மற்றொருவர் ஈப்போவில் இருந்தார். மூன்றாமவர் சுபாங் ஜெயாவைச் சேர்ந்த சீன இளைஞர். மெட்டல் இசை வாசிப்பவர். தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட முழுதாகக் கேட்டதில்லை என்று அவரே எழுதியிருந்தார். வேறு வழியின்றி அவரையே அழைத்தோம்.

எங்கள் பாடல்களில் ஒன்று மிச்ர சாபுவில் அமைந்தது. ஏழு எண்ணிக்கை. கித்தார் வாசித்த நண்பனே அதில் அடிக்கடி தடுமாறுவான். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஜாமிங் அறையில், ‘தகிட தகதிமி’ என்று கையைத் தட்டிக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தமக்குத்தானே ‘சாத்து டுவா தீகா, சாத்து டுவா தீகா எம்பாட்’ என்று மலாயில் எண்ணத் தொடங்கினார். இரண்டாவது சுற்றில் நாங்கள்தான் அவரைப் பின்தொடர வேண்டியிருந்தது. மெட்டல் இசையில் ஐந்தும் ஏழும் புழங்கும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

‘தமிழர் மட்டும்’ என்று அந்த விளம்பரத்தில் எழுதலாம் என ஒரு நண்பன் சொல்லியிருந்தான். நான் எழுத மறந்துவிட்டேன். அந்த மறதிக்கு இன்றுவரை நன்றி சொல்கிறேன்.

ஆனால் என் விளம்பரத்தை இன்று யாராவது காட்டினால் வெட்கமாக இருக்கும். வாத்தியத்தின் பெயரையும் ஊரையும் மட்டும் போட்டால் யாருக்கு என்ன புரியும்? 1981-இல் லாஸ் ஏஞ்சலஸில் லார்ஸ் உல்ரிக் என்ற இளைஞர் ஒரு விளம்பரப் பத்திரிகையில் ஆள் தேடினார். தாம் டிரம்ஸ் வாசிப்பவர் என்பதோடு நிறுத்தாமல், எந்தெந்தக் குழுக்களின் பாட்டை வாசிக்க ஆசை என்று மூன்று பெயர்களையும் குறிப்பிட்டிருந்தார். அதன்வழி ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் அறிமுகம் கிடைத்தது. மெட்டாலிக்கா அப்படித்தான் பிறந்தது. அன்று தாள், இன்று திரை. எழுத வேண்டியது மாறவில்லை. என்ன பாட்டு, எந்த நாளில் ஒத்திகை, எந்த இடம், கார் உண்டா, கடைசி இரயிலைப் பிடித்தாக வேண்டுமா? திறமைக் குறைவால் கலைந்த குழுக்களைவிட, வீடு திரும்ப வண்டியில்லாமல் கலைந்த குழுக்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எழுத்தோடு ஒரு பதிவும் வேண்டும். 2007-இல் ஜர்னி என்ற அமெரிக்கக் குழுவின் கித்தார் கலைஞர் நீல் ஷோன், யூடியூப்பில் மணிலாவின் அர்னெல் பினேடா பாடுவதைக் கேட்டு அவரைத் தேடிப் பிடித்தார். அழைப்பு வந்தபோது யாரோ கேலி செய்கிறார்கள் என்றே பினேடா முதலில் நினைத்தாராம். அந்த ஆண்டு இறுதிக்குள் அவர் அக்குழுவின் பாடகர். நம் வட்டாரத்துக் குரல் ஒன்று இப்படிக் கடல் தாண்டியது. நாமோ ‘நன்றாகப் பாடுவேன்’ என்று எழுதிவிட்டுக் காத்திருக்கிறோம். 2015-இல் சிங்கப்பூரில் தொடங்கிய பேண்ட்லேப் போன்ற செயலிகள் இருக்கையில், கைப்பேசியிலேயே அரை நிமிடம் பதிவு செய்து அனுப்ப என்ன தடை?

(இணையத்தின்வழி ஒன்றாகவே வாசித்துவிடலாமே என்று 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நாங்களும் முயன்றோம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் செல்லும். முப்பது மில்லிநொடி தாமதம் என்றால் பத்து மீட்டர் தள்ளி நின்று வாசிப்பதற்குச் சமம். எங்களுக்குக் கிடைத்த இணைப்பில் நாங்கள் ஆளுக்கொரு காற்பந்துத் திடலின் மூலையில் நின்றோம்.)

இனி என் உண்மையான மனக்குறைக்கு வருகிறேன். அன்று நான் பதிந்த அகப்பக்கத்தில் வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் இருந்தது. பாஞ்சோ இருந்தது, ஹார்மோனிக்கா இருந்தது. மிருதங்கம், நாதசுரம், உறுமி எல்லாம் ‘மற்றவை’. ‘மற்றவை’ என்று யார் தேடப் போகிறார்கள்? தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பத்துமலையை அதிரவைக்கும் ஒரு கலை, அந்தப் பட்டியலில் பெயரில்லாமல் கிடந்தது.

இறுதிப் பருவத்தில், தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு, விடுதிச் சலவை அறையில் ஒரு தம்பி வாளியைக் கவிழ்த்து வைத்து உறுமி நடையில் தட்டிக்கொண்டிருந்தான். விசாரித்தேன். ரவாங்கில் உறுமி மேளக் குழுவொன்றில் பத்து வயதிலிருந்து வாசிப்பவன். “அண்ணே, நீங்க பேண்டு வச்சிருக்கீங்கன்னு தெரியும். உறுமியெல்லாம் சேர்த்துக்குவீங்களான்னு தெரியல, அதான் கேக்கல,” என்றான். இரண்டு ஆண்டுகள் எங்கள் கீழ்மாடியிலேயே இருந்திருக்கிறான். சுபாங் ஜெயாவரை தேடிப் போன நான் ஒரு மாடி இறங்கவில்லை. அவனோடு ஒரு பாட்டுகூட மேடையேற்ற முடியாமல் படிப்பு முடிந்துவிட்டது.

இன்று நிலைமை மேம்பட்டுவிட்டதா? ஒருவகையில் மோசமாகியிருக்கிறது என்பதே என் கருத்து. அப்போது விளம்பரங்கள் திறந்த வெளியில் கிடந்தன. முன்பின் தெரியாதவரும் பார்த்தார், பதிலெழுதினார். இப்போது எல்லாம் புலனக் குழுக்களுக்குள் போய்விட்டது. உள்ளே இருப்பவர் சேர்த்துவிட்டால்தான் நுழைய முடியும். தெரிந்தவருக்குத் தெரிந்தவர்தான் கிடைப்பார். தோட்டப்புறத்திலிருந்து முதலாமாண்டு சேரும் மாணவனுக்கு யாரைத் தெரியும்? மேலும், அகப்பக்கங்களை நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. சேவையக மாற்றத்தில் பழைய பாடல்கள் பெருமளவில் தொலைந்துபோயின என்று 2019-இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டபோது, உலகெங்கும் எத்தனையோ சிறு குழுக்களின் ஒரே பதிவு அதோடு போயிற்று.

ஆகவே பேரவைச் செயலவைக்கு ஒரு வேண்டுகோள். புதிய மாணவர் பதிவின்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: என்ன வாசிப்பீர்கள்? பதிலுக்குப் பட்டியல் கொடுக்காதீர்கள், வெற்றுக் கோடு விடுங்கள். ஒப்புதல் தந்தவர்களின் பெயரும் வாத்தியமும் எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கட்டும். ஒரு படி பேரவை அறைச் சுவரிலும் இருக்கட்டும். பிற இன மாணவர்களும் எழுதலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க ஒருவரை நியமியுங்கள், இல்லையென்றால் மூன்றாம் ஆண்டில் அது செத்துவிடும்.

முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டென்றால் முதல் பெயரை நான் தருகிறேன். கீபோர்டு. காஜாங் பக்கம். சனிக்கிழமை மாலை. கார் இருக்கிறது, உறுமி ஏற்றவும் இடமிருக்கிறது.