பிபி மாத்திரையை ராத்திரி போட்டால் கண் பாதிக்குமா? க்ளாக்கோமா உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

முகப்பேர் கிழக்கு, மேற்கு, ஏரித்திட்டம் என எந்தப் பக்கம் போனாலும், ஐம்பது வயதைத் தாண்டியவர் இருக்கும் வீட்டில் பிபி மாத்திரை அட்டை இல்லாமல் இருப்பது அபூர்வம். இதய சிகிச்சைக்குப் பேர்போன மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனை இருப்பதும் இந்தப் பகுதியில்தான். பிபி ஏறினால் ஹார்ட், கிட்னி, மூளை என எல்லாவற்றுக்கும் ஆபத்து என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் பிபி அளவுக்கு மீறி இறங்கினாலும் சிக்கல் உண்டு. அதுவும் க்ளாக்கோமா உள்ளவர்களுக்கு, தூங்கும் நேரத்தில், கண் நரம்புக்கு.

ரெண்டும் ஒரே பிரஷர்தானா?

கண் நீர் அழுத்த நோய் என்று சொல்லப்படும் க்ளாக்கோமாவில் பாதிக்கப்படுவது, கண்ணில் இருந்து மூளைக்குக் காட்சியைக் கொண்டுபோகும் பார்வை நரம்பு. "கண்ணுல பிரஷர் இருக்கு" என்று டாக்டர் சொன்னதும், "அதான் பிபி மாத்திரை சாப்பிடுறேனே, போதாதா?" என்று கேட்பவர்கள் நிறைய. குழப்பம் நியாயமானதே. ரெண்டையும் ஒரே அளவுகோலில்தான், மில்லிமீட்டர் பாதரசத்தில்தான், சொல்கிறார்கள்.

ஆனால் கண் அழுத்தம் என்பது வேறு. கண்ணின் முன்பகுதியில் ஒரு திரவம் சுரந்துகொண்டே இருக்கிறது, ஒரு வடிகால் வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். வழக்கமாக 10 முதல் 21 வரை இருந்தால் இயல்பு என்கிறார்கள். பிபி 10 புள்ளி ஏறினால் கண் அழுத்தம் கால் புள்ளி அளவுக்குத்தான் ஏறுகிறது. அதனால் பிபி மாத்திரை க்ளாக்கோமாவுக்கு மருந்தாகாது. கண்ணுக்குத் தனியாக சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை என்றுதான் போக வேண்டும்.

மூன்றாவது மாடிக் குழாய்

அப்படியென்றால் பிபிக்கும் க்ளாக்கோமாவுக்கும் என்னதான் சம்பந்தம்? அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மோட்டார் நன்றாகத் தள்ளினால்தான் மூன்றாவது மாடிக் குழாயில் தண்ணீர் வரும். குழாயில் அடைப்பு இருந்தால் இன்னும் பலமாகத் தள்ள வேண்டும். கண்ணிலும் அதே கதைதான். ரத்தத்தை உள்ளே தள்ளுவது பிபி. அதை எதிர்த்து நிற்பது கண் அழுத்தம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பார்வை நரம்புக்குப் போகும் ரத்தத்தைத் தீர்மானிக்கிறது. கண் அழுத்தம் ஏறினாலும் வித்தியாசம் சுருங்கும், பிபி இறங்கினாலும் சுருங்கும்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த பெரிய ஆய்வு 1995-ல் வெளியானது. பிபியின் கீழ் எண்ணில் இருந்து கண் அழுத்தத்தைக் கழித்தால் 30-க்கும் கீழே வருபவர்களிடம், க்ளாக்கோமா சுமார் 6 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அதற்கு முந்தைய வருடமே, பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கண் மருத்துவ ஆய்வாளர் சோகன் சிங் ஹெய்ரே, ராத்திரி நேரத்து பிபி இறக்கத்தைக் கவனிக்கச் சொன்னார்.

தூக்கத்தில் பிபி 10 முதல் 20 சதவீதம் வரை குறைவது எல்லோருக்கும் நடப்பது, நல்லதும்கூட. சிலருக்கு 20 சதவீதத்தையும் தாண்டி இறங்கும். படுத்திருக்கும்போது கண் அழுத்தமோ கொஞ்சம் ஏறும். மோட்டார் தளரும் நேரத்தில் அடைப்பும் கூடுவது போல. படுக்கப் போகும்போது போட்ட மாத்திரையின் வேகமும் இதோடு சேர்ந்தால், ஏற்கெனவே நைந்துபோன நரம்புக்கு ரத்தம் போதாமல் போகலாம் என்பதுதான் மருத்துவர்களின் கவலை. காலையில் கிளினிக்கில் பார்க்கும்போது பிபி 120/80 என்று அழகாக இருக்கும். ராத்திரி 2 மணிக்கு என்ன இருந்தது என்பது அதில் தெரியாது.

அப்போ மாத்திரையை நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. கட்டுப்பாடில்லாத பிபி பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கொண்டுவரும், விழித்திரையின் ரத்தக் குழாய்களையும் கெடுக்கும். இங்கே கேள்வி நேரத்தைப் பற்றியது மட்டுமே.

இந்த இடத்தில் சமீபத்திய ஆய்வுகள் நல்ல சேதி சொல்கின்றன. பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்த 'டைம்' ஆய்வு 2022-ல் வெளியானது. மாத்திரையைக் காலையில் போட்டாலும் மாலையில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கனடாவின் 'பெட்மெட்' ஆய்வும் 2025-ல் இதையே சொன்னது. ராத்திரி போட்டவர்களிடம் புதிதாக க்ளாக்கோமா கண்டறியப்படுவது கூடவில்லை என்பதையும் அது காட்டியது. எனவே கண்ணில் பிரச்சினை இல்லாதவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. க்ளாக்கோமா ஏற்கெனவே இருப்பவர், கண் அழுத்தம் கட்டுக்குள் இருந்தும் பார்வை சுருங்கிக்கொண்டே போகிறவர், இவர்கள்தான் கேட்க வேண்டும். ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றுவதால் இதயத்துக்கு நஷ்டம் இல்லை என்னும்போது, அதை டாக்டரிடம் பேசிப் பார்ப்பதில் தயக்கம் எதற்கு? இதய பலவீனம் போன்ற காரணங்களுக்காக ராத்திரி மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கலாம். அதனால் தாமாக மாற்றக் கூடாது.

சென்னை சொல்லும் கணக்கு

இதில் நம்ம ஊர் கணக்கும் இருக்கிறது. சங்கர நேத்ராலயா குழு 2000-களின் தொடக்கத்தில் சென்னை நகரிலும், திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்ட கிராமங்களிலும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. முகப்பேரே அன்று திருவள்ளூர் மாவட்டம்தான். கிராமங்களில் 1.62 சதவீதம் பேருக்கும் நகரில் 3.51 சதவீதம் பேருக்கும் திறந்த கோண க்ளாக்கோமா இருந்தது. கிராமத்தில் கண்டறியப்பட்ட 64 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தனக்கு நோய் இருப்பது முன்பே தெரியும். நகரத்தில் 135 பேரில் 127 பேருக்குத் தெரியாது.

உயர் ரத்த அழுத்தத்துக்கும் க்ளாக்கோமாவுக்கும் நேரடித் தொடர்பு இந்த ஆய்வில் தென்படவில்லை. பலருக்கு கண் அழுத்தமும் 21-க்கு உள்ளேயே இருந்தது. அதாவது பிபி நார்மல், கண் பிரஷர் நார்மல் என்பதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. பார்வை நரம்பையே பார்க்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் செக் பண்ணினால் இது தெரியாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வந்தது. நரம்பைப் பார்க்க நாம்தான் கண் மருத்துவரைத் தேடிப் போக வேண்டும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

பிபி டாக்டர் ஒருவர், கண் டாக்டர் இன்னொருவர். ஒருவர் எழுதிய மருந்து மற்றவருக்குத் தெரியாமல் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டு மருந்துச் சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டுங்கள், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதோடு. ராத்திரி இறக்கம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், கையில் கட்டிக்கொண்டு தூங்கும் 24 மணி நேர பிபி கருவி மூலம் டாக்டர் பார்க்கச் சொல்வார்.

சொட்டு மருந்தையும் மறக்க வேண்டாம். க்ளாக்கோமாவுக்குப் பரவலாகத் தரப்படும் டிமோலால் சொட்டு, மூக்கு வழியாக ரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பையும் பிபியையும் குறைக்கக் கூடியது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறலே வரலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரமாக உள்ள கண் முனையை ஓரிரு நிமிடம் விரலால் அழுத்திக்கொண்டால் ரத்தத்தில் கலப்பது குறையும். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது க்ளாக்கோமா இருந்தால், 40 வயதுக்குப் பிறகு பார்வை நன்றாக இருந்தாலும் நரம்புப் பரிசோதனை அவசியம். 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டத் தேவையில்லை.