பொய் லென்ஸ் வழியே வந்த உண்மை

கேமரா பழகும் நம் தோழர்கள் பலர், "படம் ஓவியம் மாதிரி வரணும்" என்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் புகைப்படக்காரர்களையே ஆட்டிவைத்த ஆசை இது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், புகைப்படமும் கலைதான் என்று நிரூபிக்க நினைத்தவர்கள் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கினார்கள். அச்சிடும்போது தூரிகையால் தீற்றினார்கள். அது ஓவியத்திடம் கடன் வாங்கிய மரியாதை. பால் ஸ்ட்ராண்ட் அதை உதறினார். கூர்மையான விவரமும், ஒளியும் நிழலும், எதை வெட்டி எதை வைப்பது என்ற முடிவுமே கேமராவுக்கு உரிய அழகு என்று காட்டினார். ஸ்டீக்லிட்ஸ் நடத்திய 'கேமரா ஒர்க்' இதழ் 1917இல் தன் கடைசி வெளியீட்டில் ஸ்ட்ராண்டின் படங்களைத் தாங்கி வந்தது.

அவற்றில் ஒன்று 1916இல் நியூயார்க் தெருவில் எடுத்தது. 'பார்வையற்றவர்' என்று எழுதிய அட்டை கழுத்தில் தொங்க ஒரு பெண் நிற்கிறார். பூச்சும் இல்லை, மங்கலும் இல்லை. உலகம் போற்றும் படம். நாமும் மறுக்கவில்லை.

ஆனால் அந்த நாட்களில் தெருவில் இருந்தவர்களை அவர்கள் அறியாமல் எடுக்க, ஸ்ட்ராண்ட் தன் கேமராவில் ஒரு பொய் லென்ஸைப் பொருத்தியிருந்தார். ஒளிவுமறைவற்ற புகைப்படம் என்று பெயர் பெற்ற அழகு, ஏழைகளிடம் ஒளித்துத்தான் பிறந்தது.

"தெரிந்தால் இயல்பு போய்விடுமே" என்பார்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரடெரிக் டக்ளஸைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர். ஏறத்தாழ 160 படங்கள் கிடைத்திருக்கின்றன. கறுப்பர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த நாட்டில், தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். பெரும்பாலும் சிரிக்காமல் நின்றார். அந்தப் படங்களில் என்ன குறைந்துவிட்டது?

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். சாக்கடைக் குழியிலிருந்து ஏறிவரும் தொழிலாளியின் படத்தைக் கோபத்தோடு பகிர்கிறோம். கோபம் நியாயமானது. அவர் பெயர் என்ன? அவரிடம் கேட்டோமா? அந்தப் படத்தை அவர் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று யோசித்தோமா?

அடிக்கிறவனிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அது சாட்சியம், எடுத்தே ஆக வேண்டும். அடிபட்டவரிடம் கேளுங்கள். மேலே நின்று குனிந்து எடுக்காமல் அவர் கண்மட்டத்தில் நில்லுங்கள். எடுத்த படத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

ஓவியத்திடம் கடன் வாங்காமல் கேமரா தன் அழகைக் கண்டுபிடித்தது. நம் மக்களிடம் திருடாமல் நாம் அதைப் பழகுவோம்.