எழுத்துருவோடு மறைந்த பாடங்கள்



சென்ற வாரம் பழைய குறுவட்டு ஒன்றைத் திறந்தேன். 2001ஆம் ஆண்டு இரவெல்லாம் கண்விழித்துத் தட்டச்சு செய்த பயிற்சித்தாள்கள் அதில் இருந்தன. திரையில் தெரிந்தவையோ பொருளற்ற ஐரோப்பியக் குறிகள்! கோப்பு கெடவில்லை, ஓரெழுத்தும் குறையவில்லை. அதனைத் தமிழாகக் காட்டிய எழுத்துரு மட்டும் என் புதிய கணினியில் இல்லை.

காரணம் எளியது. அந்நாளில் ஓர் எழுத்துருவுக்குக் கிடைத்தவை 256 இடங்களே. ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அமர்த்தியது. 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் எனக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டது. அகரவரிசைப்படுத்தினால் 'கொடி'யும் 'தொடை'யும் கொம்பின்கீழ் ஒன்றாய் நின்றன. எழுத்து எது, அதன் தோற்றம் எது என்று பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டோம். சிராங்கூன் சாலைப் பூக்கடைச் சரம் போலத்தான்: நார் ஒன்று அறுந்தால் பூவெல்லாம் சிதறும். மாற்றத்தைத் தாங்காத மென்பொருள்கள் பெரும்பாலும் இவ்வாறே உடைகின்றன.

இச்சிக்கலை நம் ஊர் முன்பே உணர்ந்திருந்தது. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியால் 1997 மே மாதம் சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' கருத்தரங்கு கூடியது. பொதுவான குறியீட்டின் தேவை அங்கே பேசப்பட்டது. 1999இல் அவர் மறைந்தார், தேவை மறையவில்லை.

இன்று ஒருங்குறி (யூனிகோடு) அத்தேவையை நிறைவேற்றுகிறது. அதில் 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும். எந்த எழுத்துருவில் காட்டினாலும் உள்ளிருப்பது மாறாது. உயிர்மெய்க்குத் தனி இடம் தரவில்லையே என்ற குறை நம்மவர் பலருக்கு உண்டு. அக்குறை நியாயமானதே. ஆயினும், ஒருமுறை இடம்பெற்ற எழுத்து இடம்மாறாது, நீக்கப்படாது என்ற அதன் உறுதிமொழியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய கோப்புகளைக் குறியீட்டு மாற்றி கொண்டு இப்போதே ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் எழுதிய பழைய கட்டுரைகள் வீட்டுக் கணினியில் உறங்கினால் அவற்றையும் எழுப்புங்கள். அந்த எழுத்துருவின் பெயர் நம் நினைவில் இருக்கும்வரைதான் அவை மீளும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்